மழைநாள் கிழங்கு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், கொட்டும் பனியிலும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

"நாம் விரும்பி உண்பதைத் தீர்மானிப்பது வளர்ந்த வீட்டின் வருமானமா, வளர்ந்தபின் நாமே தேடிக்கொண்ட ரசனையா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்ந்தார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே தாய் சமைத்ததை உண்டு வளர்ந்த அக்காளுக்கும் தங்கைக்கும் ருசி வேறுபடுகிறதே, அப்போது உங்கள் வருமானம் எங்கே போனது என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் என் வீட்டிலேயே இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்த அக்காள் நான்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், மலையடிவார ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா பால் வெட்டும் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். மரத்தைச் சீவிச் சிரட்டையில் பால் பிடிக்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் பட்டையில் பரவி வீணாகும், சிரட்டைக்குள்ளும் தண்ணீர் விழும். அதனால், மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டாத தோட்டத்தில் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. எங்கள் மாவட்டத்துக்கோ இரண்டு மழை. இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. மழை பிடித்துவிட்டால் வீட்டில் அரிசி குறையும், மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏறும்.

அம்மா கிழங்கை எப்படி அவிப்பார் என்று சொல்கிறேன். தோலை உரித்துத் துண்டுகளாக்கி, நடு நரம்பை உருவி, பானையில் முங்க முங்கத் தண்ணீர் விடுவார். கொதித்ததும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவார். கிழங்கின் நஞ்சு அதில்தான் இறங்கும். மறுபடியும் தண்ணீர் விட்டுக் கல் உப்புப் போட்டு வேகவைத்து இறக்கும்போது அடுப்படி முழுக்க ஒரு மாவு மணம் எழும். அதற்குள் அம்மியில் காந்தாரி மிளகாயும் நாலைந்து சின்ன வெங்காயமும் உப்பும் நசுங்கியிருக்கும். மேலே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். சாளை மீன் மலிவாகக் கிடைத்த நாள் என்றால் புளிமுளம் என்ற மீன்குழம்பும் உண்டு. குடிக்கக் கருப்பட்டி போட்ட கட்டன் சாயா. பாலுக்குக் காசு இல்லை.

இன்று நான் கைநிறையச் சம்பளம் வாங்குகிறேன். மழை கறுத்து வந்தால் என் நாக்கு கிழங்கைத்தான் கேட்கிறது. பால் சாயாவை இன்னும் என்னால் குடிக்க முடியவில்லை. பால் வாடை தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. பன்னிரண்டு வயது வரை நாக்கு அறியாத ஒன்றை அதன்பின் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டாம் வயதில்தான் அப்பா கட்டட வேலைக்குச் சவூதி போனார். என் தங்கை என்னைவிட ஒன்பது வயது இளையவள். மூன்று வயதிலிருந்து அவள் பார்த்த வீடு வேறு. மாதம் தவறாமல் பணம் வந்தது. அப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நிடோ பால்மாவு டப்பா வந்தது. அவளுக்குப் பால் இல்லாத சாயா வெந்நீர். கிழங்கு அவளுக்கு வெறும் மாலைப் பலகாரம். நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அடுப்பு ஒன்று என்றார், சரி. தாய் ஒருவர் என்றார், அதுவும் சரி. அந்த அடுப்புக்குக் கீழே எரிந்த காசு ஒன்றல்ல. எனக்குச் சமைத்தது மழையை நம்பிய நாள்கூலி. அவளுக்குச் சமைத்தது மாதச் சம்பளம். அக்காள் தங்கை ருசி மாறியதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை எதிரணி காட்டட்டும்.

இந்தக் கிழங்கே எங்கள் மண்ணுக்கு எப்படி வந்தது? திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர்தான் ஏழைகளின் பசிக்கு மலிவான உணவு என்று இதன் சாகுபடியை ஊக்குவித்தார். பிறகு இரண்டாம் உலகப்போர். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு அரிசி நின்றது. குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்தப் போர்க்காலத்தில் சோறு இருந்த இடத்தில் கிழங்கு வந்து உட்கார்ந்தது. என் பாட்டி அதை உண்டது விருப்பத்தால் அல்ல. அவர் வாயில் அது பஞ்சம். என் வாயில் அது அம்மாவின் கைமணம். இன்று மீன்குழம்போடு சேர்த்து ஓட்டல்களில் எங்கள் மாவட்டத்துச் சிறப்பு உணவு என்று பெயர் போட்டு விற்கிறார்கள். ருசி என்று நாம் சொல்வதற்குள் எத்தனை தலைமுறையின் கணக்கு வழக்கு புதைந்துகிடக்கிறது, பாருங்கள்!

அதே கிழங்கு, அதே ஆண்டுகள், கடலுக்கு அப்பால் மலாயாவில் வேறு கதை. ஜப்பானியர் ஆட்சியில் அவர்கள் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட மதிப்பிழந்த நோட்டை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாமல், மரவள்ளியை அவித்துத் தின்று உயிர் பிழைத்த தமிழர்கள் அங்கே ஏராளம். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலர், நல்ல காலம் வந்த பின் கடைசி மூச்சு வரை மரவள்ளியைத் தொட மறுத்தார்கள். எங்களுக்கு அது தாய் ஊட்டிய உணவு, அவர்களுக்கு அது சாவின் பக்கத்தில் நின்று தின்ற உணவு. விருப்பத்தை மட்டுமல்ல, நடுவர் அவர்களே, வெறுப்பையும் வறுமைதான் வார்த்தெடுக்கிறது.

இந்த வெறுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நினைவிருக்கும். எங்கள் அலுவலகத்திலும் ஒரு நாள் சிறுதானிய விருந்து வைத்தார்கள். கேழ்வரகுக் களியை வாழையிலைக் கிண்ணத்தில் உருட்டி வைத்து, பக்கத்தில் கீரைக் கடைசல். எல்லோரும் வரிசையில் நின்றோம். தருமபுரிப் பக்கத்து அண்ணன் ஒருவர், ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருப்பவர், வரிசைக்கே வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கையால் விலக்கினார். "அம்மா, ஊரில் கல்யாணம் என்றால்தான் நெல்லுச்சோறு பார்த்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் இதுதான். பள்ளிக்கூடத்தில் களித் தூக்குச்சட்டியைத் திறக்கக் கூச்சப்பட்டு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து விழுங்கியிருக்கிறேன். இனி என்னால் முடியாது" என்றார். அன்றைக்கு அங்கே களியை ரசித்துத் தின்ற இளைஞர்கள் எல்லாரும் சோற்றில் வளர்ந்தவர்கள். களியில் வளர்ந்தவர் சோறு தேடிப் போய்விட்டார். கேழ்வரகின் சத்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பிள்ளைப் பருவம் ஒன்றல்லவே!

எதிரணியின் அடுத்த வாதத்துக்கு வருகிறேன். நாக்கு பிறவியிலேயே அமைந்துவிடுகிறது, கசப்பைக் கூர்மையாக உணர்வதற்கே தனி மரபணு உண்டு, இதில் பணத்துக்கு என்ன வேலை என்றார் பேராசிரியர் அம்மா. மரபணு உண்டு, மறுக்கவில்லை. ஒரே காலத்தில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று பாகற்காயை ஒதுக்கும், ஒன்று தின்னும். அந்த அளவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். பிறவி என்கிறீர்களே, பிறவிக்கு முன்பே என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டாமா? அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரு பிரிவுப் பெண்களுக்குக் கேரட் சாறு கொடுத்தார்கள். மற்றொரு பிரிவுக்குத் தண்ணீர் மட்டும். பிறந்த குழந்தைகளுக்குப் பின்னர் கேரட் சாறு கலந்த கூழ் ஊட்டியபோது, கேரட் குடித்த தாய்மாரின் குழந்தைகள் முகம் சுளிப்பது குறைவாக இருந்தது. வயிற்றுக்குள்ளேயே குழந்தை தாயின் உணவைப் பழகுகிறது. அந்தத் தாய் என்ன உண்டாள் என்பதை முடிவு செய்தது எது? அந்த வீட்டில் அன்றைக்கு எது வாங்க முடிந்ததோ அதுதான். நாக்கு முளைக்கும் முன்பே வருமானம் முளைத்துவிடுகிறது, அம்மா!

இப்போது ஒரு காலிஃபிளவரின் கதை. எனக்கு எட்டு வயது இருக்கும். வெட்டு நன்றாக நடந்த ஒரு மாதம், அப்பா நாகர்கோவில் வடசேரிச் சந்தையிலிருந்து ஒரு காலிஃபிளவர் வாங்கி வந்தார். இங்கிலீஷ் காய் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா வெந்நீரில் உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, தேங்காய் அரைத்துக் கூட்டு வைத்தார். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினேன். என் தம்பி அதுகூடச் செய்யவில்லை. அம்மா எங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை. சட்டியைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு எங்களுக்குக் கஞ்சி ஊற்றி நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தார். அதன்பின் பல வருடங்கள் அந்தக் காய் எங்கள் வாசல்படி ஏறவில்லை.

அந்தச் சட்டியின் முன் அம்மா என்ன கணக்குப் போட்டார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. கேட்லின் டேனியல் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் பகுதிக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரு புதிய உணவைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை வரை அதைச் சுவைக்க வைக்க வேண்டியிருக்கும். வசதியுள்ள வீட்டில் அத்தனை தடவையும் வாங்கிச் சமைத்துக் குப்பையில் கொட்டலாம். கையில் காசில்லாத தாயால் முடியாது. குழந்தை தொடாத உணவு என்றால் காசும் போயிற்று, வயிறும் நிறையவில்லை. ஆகவே பிள்ளைகள் கட்டாயம் தின்னும் பொருளையே அவள் திரும்பத் திரும்ப வாங்குகிறாள். பாஸ்டன் தாயைப் பற்றித்தான் அவர் எழுதினார். நான் அதில் என் அம்மாவைப் பார்த்தேன். எனக்குக் காலிஃபிளவர் பிடிக்காது என்று நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடிப்பதற்கு வேண்டிய பதினாலு தடவைகளை வாங்க எங்கள் வீட்டில் காசு இல்லை என்பதே உண்மை.

இதே கணக்கைத்தான் ஓட்டலிலும் பார்க்கிறோம். இப்போது எல்லோரும் பீட்சாவும் ஷவர்மாவும் தின்கிறார்களே, நாக்கு மாறிவிட்டதே என்றார் எதிரணித் தம்பி. மாறுகிறது தம்பி, யாருக்கு மாறுகிறது என்று பார். வசதியில் வளர்ந்தவர் விலைப்பட்டியலில் பெயர் தெரியாத பண்டத்தைத் தேடிச் சொல்கிறார். நன்றாக இல்லை என்றால் இன்னொன்று. பற்றாக்குறையில் வளர்ந்தவர் கண் முதலில் விலைக்குப் போகிறது, பிறகுதான் பெயருக்கு வருகிறது. கடைசியில் தெரிந்த ஒன்றையே சொல்கிறார். புதிதாக ஒன்றைச் சொல்லி அது வாய்க்கு ஒவ்வாமல் போனால் அந்த நஷ்டம் அவருக்கு இன்றும் நஷ்டம்தான், பையில் எவ்வளவு இருந்தாலும்.

வீட்டால் வாங்கித் தர முடியாததை வேறொருவர் வாங்கித் தந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாடு சாட்சி. 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். சூடான சோற்றையும் பருப்புச் சாம்பாரையும் மழைக்காலத்தில்கூடத் தவறாமல் பார்த்தது அந்தத் தட்டில்தான். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-இல் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் முட்டை ஆனது. 2022 செப்டம்பர் 15-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அந்த அவித்த முட்டையை முதன்முதலில் பள்ளித் தட்டில் சுவைத்து, அதையே விரும்பி வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்! காசு கொடுத்தவர் மாறினார், நாக்கின் பழக்கமும் மாறியது. எங்கள் அணி சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நேரமணி அடித்துவிட்டது. ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

போன மாதம் நானும் தங்கையும் அம்மா வீட்டில் இருந்தோம். நல்ல மழை. அம்மா யாரையும் கேட்காமல் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். எனக்குக் கட்டன், அவளுக்குப் பால் விட்டது. பிறகு தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். அதுவும் கட்டன்தான். குளிர்சாதனப் பெட்டியில் தங்கை வாங்கி வைத்த பால் பாக்கெட்டுகள் மூன்று இருந்தன. "பால் விட்டுக் குடிக்கலாமே அம்மா" என்றேன். "அது யாராவது வந்தால் ஆகும்" என்றார். அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. அந்த டம்ளரை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.