பால் வாளியும் தொலைபேசி எண்ணும்

நேயர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறேன். 31 வருடம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய அனுபவம் எதையாவது பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பேசத் தெரிந்தது ஒரே விஷயம்தான். அதை ஆரம்பித்தால் வீட்டில் பேரப்பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் ரேடியோவை அடைக்காமல் இருந்தால் சரி.

தொலைபேசி எண் தீர்ந்து போகுமா? போகும். சனம் பெருகிவிட்டது, எண் போதவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணைப் பங்கு வைக்கிற விதத்தில்தான் கோளாறு. இதை எனக்குப் புரிய வைத்தது என் பாட்டியின் பால் வாளி.

பாட்டி பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம், கணக்கு எழுதிய பெரிய கிராணியாரின் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே ஆளுக்கு ஒரு செக்ரோல் எண், அதாவது ஆள் பதிவேட்டு எண். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுவது அந்த எண்ணைத்தான், பால் நிறுப்பதும் அதில்தான். கிராணியார் கணக்காகத்தான் போட்டிருந்தார். வேலையை மேற்பார்க்கிறவர்தான் மண்டோர். முதல் மண்டோரின் ஆட்களுக்கு 100-லிருந்து 199 வரை. இரண்டாம் மண்டோருக்கு 200-லிருந்து 299 வரை. இப்படி ஆறு மண்டோர். முதல் இலக்கத்தைப் பார்த்தால் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும். பாட்டிக்கு 214. வாளியின் வயிற்றில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். 4 மட்டும் கொஞ்சம் வழிந்து வால் முளைத்த மாதிரி இருக்கும்.

ஆற்றோரத்து லய வீடுகள் இரண்டாம் மண்டோருக்கு உட்பட்டவை. அங்கேதான் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள் 299 முடிந்தது. ஐந்தாம் மண்டோரிடம் மொத்தமே 18 பேர், மிச்சம் 82 எண் சும்மா கிடக்கிறது. தோட்டத்தில் எல்லோரையும் சேர்த்தாலும் 350 பேர் தேறாது. கையில் இருந்ததோ ஆறு நூறு. இருந்தும் எண் இல்லை! ஐந்தாம் மண்டோரிடம் இருந்து நாலு எண்ணைக் கடன் வாங்கலாமே என்று கேட்டதற்கு, கணக்குக் குழம்பிவிடும் என்றாராம் கிராணியார். அவர் சொன்னதும் நியாயம்தான். முதல் இலக்கத்தை நம்பித்தானே பேரேடே இருந்தது.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோருக்கும் இனி 8-இல் தொடங்கும் எண். பாட்டி 814 ஆனார். பழைய பெயிண்டைச் சுரண்ட முடியாது என்று சண்டை போட்டார். அவர் வெட்டிய பால் இரண்டு மாதம் யார் கணக்கிலும் ஏறாமல் நின்றது. சாகும்வரை, "நான் எரநூத்துப் பதினாலு" என்றுதான் சொல்வார்.

சரி, வாளியை வைத்துவிட்டு டெலிபோனை எடுப்போம்.

எங்கள் ஊர் வீட்டு எண்கள் 05-598 என்று தொடங்கும். 05 என்பது வட்டார எண், பேராக்குக்கு உரியது. ஆனால் வட்டார எண் மாநில எல்லையைப் பார்க்காது. கேமரன் மலை பகாங்கில் இருக்கிறது, அதற்கும் 05தான். மூவார் ஜொகூரில் இருக்கிறது, அதற்கு 06. அடுத்து வரும் 598, அதுதான் மண்டோர். அதற்குப் பின்னால் நாலு இலக்கம். நாலு இலக்கத்தில் எத்தனை எண் எழுதலாம்? பத்தாயிரம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் டெலிபோன் இருந்தது என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, தோட்டத்து ஆபிஸ், துரை பங்களா, கோயில் தலைவர் வீடு. மிச்ச ஆயிரக்கணக்கான எண்கள் எக்ஸ்சேஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தன. ஈப்போவில் எண் பற்றவில்லை என்றால் அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது. முதல் சில இலக்கங்களைக் கேட்டுத்தான் இயந்திரம் வழி பிடித்தது. 598 என்றால் எங்கள் ஊர்ச் சடக்கைத்தான் பிடிக்கும். எண் என்பது பெயர் இல்லை ஐயா, வழி. அதனால்தான் தீர்ந்து போகிறது.

அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 1947-இல் 86 வட்டார எண்களோடு தொடங்கினார்கள். மூன்று இலக்கம், நடுவில் 0 அல்லது 1 மட்டுமே வரும். இது வட்டார எண் என்று இயந்திரம் கண்டுபிடிக்க அதுவே அடையாளம். 90-களில் ஃபேக்ஸ், பேஜர், கைத்தொலைபேசி எல்லாம் ஆளுக்கு ஒரு எண் கேட்டன. அப்புறம் 1996-இல் சட்டம் மாறி, உள்ளூர் டெலிபோன் தொழிலில் புதுக் கம்பெனிகள் புகுந்தன. ஒரு கம்பெனிக்கு ஒரு சின்ன ஊரில் 50 வாடிக்கையாளர் இருந்தாலும் பத்தாயிரம் எண்ணை மூட்டையாகத்தான் கொடுப்பார்கள். ஐந்தாம் மண்டோரின் 18 பேர் நினைவிருக்கிறதா? அதேதான். பிறகுதான் விழித்துக்கொண்டு மூட்டையைப் பிரித்து ஆயிரம் ஆயிரமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குள் நடு இலக்கக் கட்டுப்பாட்டையே 1995-இல் கைவிட வேண்டியதாகிவிட்டது. இன்று அங்கே வட்டார எண்கள் 300-க்கு மேல்.

புதிய வட்டார எண் கொடுக்க இரண்டு வழி. ஊரைப் பிரித்து ஒரு பாதிக்கு எண்ணை மாற்றலாம். நியூயார்க்கில் 1984-இல் அப்படித்தான் செய்தார்கள். மான்ஹாட்டன் 212-ஐ வைத்துக்கொண்டது, புரூக்ளினும் குவீன்ஸும் 718 ஆயின. நடுவில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு ஆறு! படித்தபோது பாட்டியை நினைத்துச் சிரித்துவிட்டேன். இன்னொரு வழி, பழையவர்களைத் தொடாமல் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் வேறு எண் கொடுப்பது. 1992-இல் அதே ஊரில் 917 அப்படி வந்தது. இதில் யாரும் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு வட்டார எண் இருக்கலாம். அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் பேசவும் பத்து இலக்கம் அழுத்த வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் நல்லது. விரல் வலித்தால் வலிக்கட்டும், வாளி தப்பித்தது.

லண்டன்காரர்கள் பாடு இன்னும் மோசம். முதலில் 01. 1990-இல் அதை 071, 081 என்று பிரித்தார்கள். 1995-இல் 0171, 0181. 2000-இல் 020. பத்து வருடத்துக்குள் மூன்று தடவை கடைப் பலகையை எழுதியிருப்பார்கள். பெயிண்டுக் கடைக்காரர்தான் பிழைத்திருப்பார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரலையும் காட்டுகிறார்கள்... இல்லை, ஒரு விரல்தான். ஒரு நிமிடம். நம் நாட்டுக் கதையைக் கடைசிக்கு வைத்தது என் தப்பு. சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் 03-க்குப் பின்னால் எட்டு இலக்கம், பேராக்கில் நமக்கு ஏழுதான். சிங்கப்பூரும் 2002-இல் வீட்டு எண்களுக்கு முன்னால் 6-ஐச் சேர்த்து எட்டாக்கியது. கைத்தொலைபேசியில் 012-க்குப் பின்னால் ஏழு இலக்கம், ஒரு கோடியைத் தாண்ட முடியாது. அதனால்தான் 011-க்குப் பின்னால் எட்டு. ஆனால் விண்ணப்பப் பாரங்களில் பத்துக் கட்டம்தான் போட்டிருக்கிறார்கள். என் மருமகள் 011 எண்ணை எழுதிக் கடைசி இலக்கத்தைக் கட்டத்துக்கு வெளியே தொங்கவிடுகிறாள், பாட்டியின் 4 மாதிரியே. சைகை காட்டுகிறார்கள். வணக்கம்.