தளம் போட ஆள் எப்படிச் சேருகிறது?

[காட்சி: கம்பி கட்டி முடித்த கூரைத் தளம். கீழே கலவை மிஷின்.]

தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள். கலவை போட, தூக்க, பரப்ப, வைப்ரேட்டர் பிடிக்க என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. இவர்களைச் சேர்த்தது யார்?

மேஸ்திரி. முந்தின ராத்திரி போன் போட்டார், அவ்வளவுதான்.

அவர் செட்டில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள், மச்சான், மச்சானின் தம்பி, முன்பு ஒரே சைட்டில் வேலை பார்த்தவர்கள். சாதியும் இதில் உண்டு, மறைப்பதற்கில்லை. கம்பி கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கிறவர்கள் எல்லாம் தனித்தனி செட்.

[காட்சி: கொட்டிய கான்கிரீட்டைப் பரப்புகிறார்கள்.]

தெரிந்த ஆளையே ஏன் கூப்பிட வேண்டும்? சிமென்ட் இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் பாதித் தளத்தில் நாலு பேர் கிளம்பிவிட்டால், பழைய கலவையோடு புதியது சரியாக ஒட்டாது. மழைக்கு அங்கேதான் ஒழுகும். அதனால் கைவேலை சுமாராக இருந்தாலும், சொன்னால் வந்து நிற்கிற ஆள்தான் மேஸ்திரிக்கு வேண்டும். அதற்காகவே அட்வான்ஸும் கொடுத்து வைப்பார். கல்யாணத்துக்கு வாங்கிய அந்தப் பணம் கழிகிறவரை வேறு மேஸ்திரியிடம் போக முடியாது.

சரி, ஆள் பற்றாவிட்டால்? பக்கத்து மேஸ்திரியிடம் கேட்பார். வேலை பற்றிய செய்தி நெருங்கியவர்களைவிட, எப்போதாவது பார்ப்பவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது உத்தியோகஸ்தர்களை. ஆனால் சைட் பக்கத்து டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நமக்கும் அது புரியும்.

[காட்சி: கலவைச் சட்டியோடு ஒரு சித்தாள்.]

அந்த டீக்கடையில் இவர் இருக்க மாட்டார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி உலை வைக்க வேண்டும். பல பெண்கள் செட்டுக்குள் வருவதே கணவர் வழியாகத்தான். பெரியாளாக, அதாவது ஆண் உதவியாளாக, சேரும் பையன் கொத்தனார் பக்கத்தில் நின்று கரண்டி பிடிக்கப் பழகுவான், கொத்தனார் ஆவான், அப்புறம் மேஸ்திரி. அதே கொத்தனாருக்கு வருடக்கணக்காகக் கலவை எடுத்துக் கொடுத்தவர் பெரும்பாலும் சித்தாளாகவே இருந்துவிடுகிறார். பார்த்துப் பார்த்தே அந்த வேலை அத்தனையும் அவருக்குத் தெரியும் என்பதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம்.

1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. சித்தாளும் தன் பெயரில் பதியலாம், ஓய்வூதியம், விபத்து உதவி எல்லாம் உண்டு. கரண்டியை யார் கையில் கொடுப்பது என்பதை மட்டும் மேஸ்திரிதான் முடிவு செய்கிறார்.