நிறம் வந்தது சரி, எதனால் வந்தது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலேயே செய்துபார்க்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையும், கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனையும் உங்களுக்குத் தெரிந்தவைதான். சொட்டு விடுகிறோம், காத்திருக்கிறோம், கோடு தெரிகிறது. அந்தக் கோட்டைக் காட்டுவது ஆன்டிபாடி. கிருமி நுழைந்தால் நம் உடம்பு செய்கிற அதே வகைப் புரதம். தனக்குப் பொருந்துகிற பொருளைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் இதே வேலையை அளவோடு செய்வதுதான் எலைசா கிட். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல்; அதன் வளர்ச்சியில் பங்குள்ள புரதங்களை அளக்கவும் இந்த கிட்டுகள் வருகின்றன. அவற்றைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு முணுமுணுப்பு உண்டு. நிறம் வந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். எது ஒட்டியதால் அந்த நிறம் வந்தது என்று கேட்பவர் குறைவு.

டி செல்லின் முன்னோடிகள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய் வளர்கின்றன. அது பெரிய வேலையில்லாத சுரப்பி என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1961இல் ஜாக் மில்லர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளிடமிருந்து அதை நீக்கிப் பார்த்து, எதிர்ப்புச் சக்தியே குலைவதைக் காட்டினார். தைமஸுக்குள் வளரும் செல்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே வராமலே மடிந்துவிடும். எது பிழைக்கும் என்பதில் நாட்ச், ஐஎல்-7, தெமிஸ் என்று பல புரதங்களுக்குப் பங்கு இருக்கிறது. தெமிஸை 2009இல்தான் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அறிவித்தன. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

அதற்கு முன் எனக்குப் பிடித்த ஒரு கதை. 1950களில் நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்று இரண்டு பேர். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை ஊசியில் போட்டு, அது ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டவர்களிடம் அது சீக்கிரம் மறையவில்லை, மற்றவர்களைவிட அதிக நேரம் தங்கியது. ஏதோ ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆன்டிபாடிதான் என்றார்கள். இத்தனை சிறிய புரதத்துக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி செய்யுமா என்று அன்றைய நிபுணர்கள் நம்பவில்லை. 1955இல் ஓர் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. ‘இன்சுலின் ஆன்டிபாடி’ என்ற பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்த பிறகே அடுத்த ஆண்டு அது வெளியானது. யாலோ விடுவாரா? 1977இல் நோபல் பரிசு வாங்கியபோது, அந்த மறுப்புக் கடிதத்தைத் தன் உரையிலேயே எடுத்துக் காட்டினார்! பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டார், அதனால் பரிசில் அவர் பெயர் இல்லை. எனக்கு இன்னமும் வருத்தம்தான். இன்சுலினைப் பிடிக்கிற அந்த ஆன்டிபாடியைக் கொண்டே இன்சுலினை அளக்கலாம் என்று கண்டதும் அவர்கள்தான். அதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை.

1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் என்ற ஆய்வாளர்கள், அந்த அளவீட்டில் அடையாளமாக இருந்த கதிரியக்கத்துக்குப் பதில் நொதியை வைத்தார்கள். அதுதான் எலைசா. நெதர்லாந்திலும் அதே ஆண்டில் அதே யோசனை வந்தது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். குழியின் அடியில் ஓர் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். மாதிரியை ஊற்றினால் தேடுகிற புரதத்தை அது பிடித்துக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, நொதி சுமந்த இரண்டாவது ஆன்டிபாடியை விடுவார்கள். அப்புறம் ஒரு திரவம், நொதி பட்டு அது நீலமாகும். அமிலம் சேர்த்தால் மஞ்சளாகும். நிறம் அடர்ந்தால் புரதம் அதிகம் என்று பொருள். அப்படித்தான் நம்புகிறோம்.

சரி, தெமிஸுக்கு வருகிறேன். ஆய்வு மாணவி ஒருவர் ரத்தச் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், தெமிஸை அளந்து, அழகான வரைபடத்தோடு வந்தார். தெமிஸ் செல்லுக்கு உள்ளே வேலை செய்கிற புரதம். ஐஎல்-7 மாதிரி செல்லுக்கு வெளியே சுரப்பதாக இருந்தால் சீரத்தில் தேடுவதில் நியாயம் உண்டு. “மாதிரியைப் பாதியாக நீர்த்துப் பாரம்மா, அதையும் பாதியாக்கு” என்றேன். இருப்பது தெமிஸ்தான் என்றால் எண்ணும் பாதி பாதியாக இறங்க வேண்டும். இறங்கவில்லை, தாறுமாறாகப் போயிற்று. சிலருடைய ரத்தத்தில் விலங்குகளின் ஆன்டிபாடிகளைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகள் உண்டு. கிட்டில் இருப்பவையோ பெரும்பாலும் எலி, முயல் போன்றவற்றிலிருந்து எடுத்தவை. தேடுகிற புரதமே இல்லாமல், குழியின் அடியில் இருக்கும் ஆன்டிபாடியையும் நொதி சுமந்த ஆன்டிபாடியையும் அவை இணைத்துவிடும். அங்கேயும் நிறம் வரும், அதே மஞ்சள்தான்! நேர்மாறாகவும் நடக்கும். கழுவாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் கிட்டுகளில் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் நிறம் குறைந்து காட்டும். நீர்த்தால் எண் ஏறும், வேடிக்கையாக இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நீர்த்துப் பாருங்கள். அந்தப் புரதமே இல்லாத செல்லையும் ஒரு குழியில் வையுங்கள். அங்கேயும் நிறம் வந்தால் அந்த ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பச்சிளம் குழந்தைகளிடம் டி செல் உருவாகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது எலைசா அல்ல. டி செல் உருவாகும்போது வெட்டி எறியப்படும் ஒரு டிஎன்ஏ வளையத்தைக் குதிகாலில் எடுத்த ரத்தத்துளியில் எண்ணுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2008இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கினார்கள். வளையம் இல்லையென்றால், கிருமி தாக்கும் முன்பே மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யலாம். நன்றி, வணக்கம்.