வாக்குச்சீட்டில் இல்லாத பாதி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னபோது, அது முடிந்துபோன கதைதானே என்று அமைப்பாளர்களில் ஒருவர் கேட்டார். வெளியேறியது முடிந்துவிட்டது, உண்மைதான். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு அது நடந்தது. அதைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2016 ஜூன் 23 அன்று வாக்காளர்களுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டில் இருந்தது ஒரே கேள்வி. ஐக்கிய முடியரசு, அதாவது பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, அல்லது வெளியேற வேண்டுமா? இரண்டு கட்டங்கள், ஒன்றில் குறியிட வேண்டும், அவ்வளவுதான். 1 கோடியே 74 லட்சம் பேர் வெளியேறச் சொன்னார்கள். 1 கோடியே 61 லட்சம் பேர் நீடிக்கச் சொன்னார்கள். 51.9 சதவீதம், 48.1 சதவீதம். இத்தனை நெருக்கமான முடிவு என்பதால்தான் சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீடிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்; 43 ஆண்டுகளாக வாழ்ந்த வாழ்க்கை அது. வெளியேறி எங்கே போய் நிற்பது என்ற பாதி அந்தச் சீட்டில் இல்லவே இல்லை.

இதை 1975-ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்தது 1973 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு இருமுறை கதவைத் தட்டி, இருமுறையும் பிரான்சின் அதிபர் டி கோல் மறுத்திருந்தார். சேர்ந்த இரண்டே ஆண்டுகளில், நீடிக்கலாமா என்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் மக்களிடம் கேட்டார். அவருடைய லேபர் கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அமைச்சர்களே எதிரெதிர் மேடைகளில் பேச அனுமதிக்கப்பட்டார்கள். வெளியேற வேண்டும் என்று பேசியவர்களில் முன்னணியில் இருந்தவர் இடதுசாரியான டோனி பென். நீடிக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர்களில் ஒருவர், உறுப்பு நாடுகளின் கொடிகள் போட்ட கம்பளிச் சட்டை அணிந்து வந்த மார்கரெட் தாட்சர். ஆமாம், பிற்காலத்தில் பிரதமராகி ஐரோப்பிய ஒருங்கிணைப்பை எதிர்த்த அதே தாட்சர்தான். 67 சதவீதம் பேர் நீடிப்போம் என்றார்கள். இருப்பது இருக்கட்டும் என்ற முடிவு. மறுநாள் காலை யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

2016-இல் மறுநாள் காலை, பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். வெளியேறுவதற்கு அரசிடம் திட்டம் எதுவும் கிடையாது. வெளியேறும் அணியிடமும் கிடையாது. இது கவனக்குறைவு அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த அணியின் மூளையாக இருந்த டொமினிக் கம்மிங்ஸ், திட்டம் ஒன்றை வெளியிட்டால் நம் ஆட்களே அதைப் பற்றி அடித்துக்கொள்வார்கள் என்று வாக்கெடுப்புக்கு ஓராண்டு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். தேர்தல் வெல்லும் தந்திரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் விலையை நாடாளுமன்றம் மூன்றரை ஆண்டுகள் கட்டியது.

சிவப்புப் பேருந்தைச் சொல்லாமல் இந்த உரையை முடித்தால் யாராவது எழுந்து கேட்பீர்கள். வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை நம் மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. தவறான எண்ணத்தைத் தரும் கணக்கு என்று அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே சொன்னது. எதிரணியும் சும்மா இருக்கவில்லை. வெளியேறினால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்ட் நட்டம் என்று நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் பயமுறுத்தினார். இரண்டு பொய்யையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

யார் எதற்காக வாக்களித்தார்கள் என்பதில்தான் ஆர்வம். கிழக்கு இங்கிலாந்தில் போஸ்டன் என்று ஒரு சிறு ஊர் இருக்கிறது. சுற்றிலும் காய்கறி வயல்கள், காய்கறிகளைத் தரம்பிரித்துக் கட்டும் கூடங்கள். 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பழைய உறுப்பு நாடுகள் பெரும்பாலானவை வேலைச் சந்தையை உடனே திறக்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் திறந்துவிட்டன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று முன்கூட்டிய மதிப்பீடு ஒன்று இருந்தது. வந்தவர்கள் பல லட்சம். போஸ்டன் வயல்களுக்குப் போலந்துக்காரர்களும் லித்துவேனியர்களும் வந்தார்கள். பள்ளியில் இடம், மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பு, வீட்டு வாடகை எல்லாம் மாறின. அதைப் பற்றி வாய் திறந்தவர்களை இனவெறியர் என்று லண்டன் ஒதுக்கியது. போஸ்டனில் வெளியேற வாக்களித்தவர்கள் 75.6 சதவீதம். அதே நாளில், லண்டனின் லாம்பெத் பகுதியில் நீடிக்க வாக்களித்தவர்கள் 78.6 சதவீதம். ஒரே நாட்டில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்தே அறியாத இரண்டு ஊர்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து இன்னும் சிக்கலானது. நிசான் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி. அந்த ஊரில் 61 சதவீதம் வெளியேற வாக்களித்தது. தங்கள் சோற்றில் தாங்களே மண்ணைப் போட்டுக்கொண்டார்கள் என்று எழுதாத பத்திரிகை இல்லை. கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைப் பார்த்த ஊர் அது. யாரும் அவர்களிடம் எதையும் கேட்டதில்லை. ஒவ்வொரு வாக்கும் கணக்கில் வரும் என்ற நிலை வந்தபோது, கேள்வி எதுவாக இருந்தாலும் "இல்லை" என்று சொல்லியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே நம்மோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்களிக்கலாம். சென்னையிலிருந்து படிக்கப் போயிருந்த மாணவருக்கு வாக்கு உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் உண்டு. முப்பது ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய பிரெஞ்சுப் பெண்மணிக்கு இல்லை. யாருடைய வாழ்க்கை அந்த முடிவால் தலைகீழாகுமோ அவருக்குச் சொல்ல வாயில்லை. பழைய பேரரசின் கணக்குவழக்கு எந்த மூலையிலிருந்தெல்லாம் எட்டிப்பார்க்கிறது பாருங்கள். வெளியேறும் அணி இந்த வாக்குகளையும் குறிவைத்தது. ஐரோப்பியர் வரவு குறைந்தால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களை வரவழைப்பது எளிதாகும், கறி உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று அமைச்சர் பிரீத்தி படேல் பிரசாரம் செய்தார். உணவக முதலாளிகள் பலர் நம்பினார்கள். பிறகு ஏமாற்றப்பட்டோம் என்று புலம்பினார்கள். அதே வேளையில், வெளிநாட்டவர் வரவையே ஒட்டுமொத்தமாகக் குறைப்போம் என்று அதே அணி போஸ்டனில் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியேறிய பிறகு நடந்தது என்ன? ஐரோப்பியர் குறைந்தார்கள், இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து செவிலியரும் முதியோர் பராமரிப்பாளரும் மாணவரும் வந்தார்கள். 2023-இல் நிகரக் குடியேற்றம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது, வரலாறு காணாத உச்சம். போஸ்டன் வாக்காளர் கேட்டது இதுவல்ல.

இனி அயர்லாந்து. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அதை ஒட்டியிருக்கும் அயர்லாந்துக் குடியரசு தனி நாடு, ஒன்றியத்தின் உறுப்பினர். இடையில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200-க்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று முப்பது ஆண்டுகள் நடந்த மோதலில் 3,500-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்; 1998-இல் புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்பாடு வந்தது. காவல் கோபுரங்கள் அகற்றப்பட்டன. சுங்கச் சாவடிகள் அதற்கு முன்பே, இரு பக்கமும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள், அதாவது உறுப்பு நாடுகளுக்கிடையே சரக்கு தடையின்றிப் போய்வரும் ஏற்பாட்டுக்குள், வந்த 1993-இலேயே போய்விட்டன. பிரிட்டன் சந்தையைவிட்டு வெளியேறினால் சரக்குச் சோதனை எங்காவது வைத்தே ஆக வேண்டும். எங்கே? பாகப்பிரிவினை பேசி முடித்து, சுவர் எழுப்பக் கயிறு பிடிக்கும்போதுதான் அது பொதுக்கிணற்றின் நடுவே போகிறது என்று தெரிந்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது.

தெரியாமல் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு வட அயர்லாந்தின் டெரி நகருக்குச் சேர்ந்து போய் இதைத்தான் எச்சரித்தார்கள். இங்கிலாந்தின் காதில் அது ஏறவில்லை. வட அயர்லாந்து 55.8 சதவீதம் நீடிக்கவே வாக்களித்தது. அங்கே வெளியேற வேண்டும் என்று நின்ற பெரிய கட்சி, பிரிட்டனோடு ஒட்டியிருக்க உயிரை விடும் டி.யூ.பி. பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலில் சரக்குச் சோதனைக் கோடு போடுவதைத் தன் கன்சர்வேட்டிவ் கட்சியின் அரசு எதுவும் ஏற்காது என்று 2018 நவம்பரில் டி.யூ.பி.யின் மாநாட்டு மேடையிலேயே, வெளியேறும் அணியின் முகமாக இருந்த போரிஸ் ஜான்சன் முழங்கினார், கைதட்டல் வாங்கினார். பிரதமரானதும் 2019 அக்டோபரில் அந்தக் கோட்டுக்கே சம்மதித்தார். அந்த ஏற்பாட்டை எதிர்த்து டி.யூ.பி. ஒதுங்கியதால் வட அயர்லாந்தின் சொந்த ஆட்சி இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

ஜான்சனுக்கு முன்பு தெரசா மே. நீடிக்க வாக்களித்தவர், வெளியேற்றும் பிரதமராக வந்தவர். வாக்குச்சீட்டு சொல்லாமல் விட்ட பாதியை அவர் 2017 ஜனவரியில் லங்காஸ்டர் ஹவுஸ் மாளிகையில் ஓர் உரையால் நிரப்பினார். ஒற்றைச் சந்தையில் இருக்க மாட்டோம். தங்களுக்குள் சுங்கவரி இல்லாமல், வெளிநாட்டுப் பொருளுக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் முழு உறுப்பினராக இருக்க மாட்டோம். ஐரோப்பியர் தடையின்றி வந்து குடியேறுவது முடிந்தது. இவற்றுக்கு வேறு வழிகளும் இருந்தன. நார்வே ஒன்றியத்தின் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி உறுப்பினர் இல்லை, ஆனால் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. மூன்றில் எது வேண்டும் என்று 1 கோடியே 74 லட்சம் பேரில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: அதே மாளிகையில் 1988-இல், ஒற்றைச் சந்தையின் அருமை பெருமைகளை பிரிட்டன் வணிகர்களுக்கு எடுத்துச் சொன்னவர் தாட்சர்.

ஒன்றியத்தோடு பேசி மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்று தோற்றது. நவீன காலத்தில் எந்த பிரிட்டன் அரசும் அவ்வளவு பெரிய தோல்வியைக் கண்டதில்லை. எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். ஒன்றியத்தோடு ஒரு நூல்கூட ஒட்டியிருக்கக் கூடாது என்பவர்களும் ஒன்றியத்தைவிட்டுப் போகவே கூடாது என்பவர்களும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தார்கள். மார்ச் 27 அன்று, சரி, நாடாளுமன்றமே சொல்லட்டும் என்று எட்டு வழிகளை முன்வைத்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று மறுபடி வாக்கெடுப்பு. சுங்க ஒன்றியத்தில் இருக்கலாம் என்று மூத்த தலைவர் கென்னத் கிளார்க் கொண்டுவந்த தீர்மானம் ஆதரவு 273, எதிர்ப்பு 276 என்று தோற்றது. மூன்று வாக்கு! மக்கள் முடிவையும் மதித்து, வணிகத்தையும் பெருமளவு காப்பாற்றியிருக்கக்கூடிய வழி அது. மறுவாக்கெடுப்பே வேண்டும் என்று நின்றவர்களில் பலர் அன்று கைகொடுக்கவில்லை. வெளியேறும் அணியின் பிடிவாதத்தை எல்லோரும் பேசுகிறார்கள். என் கணக்கில் அந்த மூன்று வாக்குக்கான பொறுப்பு, முழுதும் வேண்டும் என்று கேட்டு முக்காலையும் இழந்த நீடிக்கும் அணிக்கு இருக்கிறது. செப்டம்பரில், அதற்குள் பிரதமராகியிருந்த ஜான்சன், தன்னை எதிர்த்து வாக்களித்த கிளார்க் உட்பட 21 எம்.பி.க்களைக் கட்சி அணியிலிருந்து நீக்கினார். அவர்களில் சர்ச்சிலின் பேரனும் ஒருவர். டிசம்பர் தேர்தலில், இதை முடித்துத் தொலைப்போம் என்ற ஒரே முழக்கத்தோடு 80 இடப் பெரும்பான்மை பெற்றார். மக்கள் சலித்துப்போயிருந்தார்கள், அந்தச் சலிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியேறியதால் பிரிட்டன் பொருளாதாரத்தின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டின் நிதிநிலைப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. கருத்துக்கணிப்புகளில் வெளியேறியது தவறு என்போரே அதிகம். இவ்வளவும் தெரிந்த லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் என்ன எழுதியது? ஒற்றைச் சந்தைக்குத் திரும்ப மாட்டோம், சுங்க ஒன்றியத்துக்குத் திரும்ப மாட்டோம், தடையற்ற குடியேற்றத்துக்குத் திரும்ப மாட்டோம். லங்காஸ்டர் ஹவுஸில் மே சொன்ன அதே மூன்று. 2025 மே மாதம் பிரதமர் கியர் ஸ்டார்மர் ஒன்றியத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் உணவுப்பொருள் சோதனை தளரும், ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கலாம் என்பதுபோன்ற அம்சங்கள் இருந்தன. உடனே ஒரு பக்கம் துரோகம் என்றது, மறுபக்கம் போதாது என்றது.

ஸ்காட்லாந்தைப் பற்றி நான் பேசவே இல்லை. 62 சதவீதம் நீடிக்க வாக்களித்தும் வெளியே இழுத்துவரப்பட்ட நாடு. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.