பத்தாண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை

அவைக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். பத்தாண்டு கழித்து நீங்கள் யாராக இருக்க விரும்புகிறீர்களோ, அந்த ஆளை ஒரு நிமிடம் மனக்கண் முன் நிறுத்துங்கள். கூச்சப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மனதில் ஓடுவது தெரியப்போவதில்லை.

நிறுத்திவிட்டீர்களா? அவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கின்றன. விருது வாங்குகிறார். நூல் வெளியாகி அரங்கம் கைதட்டுகிறது. சொந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கிறார். எல்லாமே காரியம் முடிந்த பிறகு எடுத்த புகைப்படங்கள். அந்த ஆள் வேலை செய்கிற காட்சியைக் காணவே முடிவதில்லை.

ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெரிதாகவே ஆசைப்படுங்கள். இலக்குகளைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்கள் கண்டது இதுதான்: ‘முடிந்தவரை செய்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, தெளிவான, கடினமான இலக்கைக் கொடுத்தால் மனிதர்கள் கூடுதலாகச் சாதிக்கிறார்கள். அந்த இலக்கை அவர்கள் மனதார ஏற்றிருக்க வேண்டும், அதற்குரிய திறனும் வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே கனவின் அளவில் எனக்குப் புகார் இல்லை. கனவில் நாம் பார்க்கும் காட்சியைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

1999-இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தேர்வு நெருங்கிய மாணவர்களில் ஒரு பிரிவினர், நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதை நாள்தோறும் சில நிமிடங்கள் கற்பனை செய்தார்கள். இன்னொரு பிரிவினர், அந்த மதிப்பெண்ணுக்காகத் தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தார்கள். எந்த அறை, எந்த நேரம், கையில் எந்தப் பாடம் என்பது வரை. படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் கூடுதல் நேரம் படித்தார்கள். மதிப்பெண்ணும் அவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது.

இதற்கான காரணத்தை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டுகின்றன. 2011-இல் அவரும் ஹெதர் காப்பஸும் வெளியிட்ட சோதனைகளில், ஆசைப்பட்டது அப்படியே கைகூடிவிட்டதாகக் கற்பனை செய்தவர்களின் உடலில் ஊக்கம் தணிந்தது. இரத்த அழுத்தத்தை அளந்தே அதைக் காட்டினார்கள். வெற்றியின் இன்பத்தை முன்கூட்டியே அனுபவித்துவிட்டால், அதற்காக எழுந்து ஓட உடம்புக்கு ஏது அவசரம்?

அதனால்தான் நான் பத்தாண்டு கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதச் சொல்கிறேன். அது விடுமுறை நாளும் இல்லை, விழா நாளும் இல்லை. வாரத் தொடக்கத்தின் புது வேகமும் அதற்குக் கிடையாது.

அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பிய ஒரு மாணவி முதலில் எழுதி வந்த செவ்வாயில் வெள்ளைக் கோட்டும், கைகூப்பி நன்றி சொல்லும் குடும்பமும் இருந்தன. அந்தத் துறையில் இருக்கும் ஒருவரைச் சந்தித்துப் பேசிவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். இரண்டாவது தாளில் அவள் விடியும் முன்பே எழுந்து வார்டுக்குப் போகிறாள். முந்தைய நாள் அறுவை செய்த நோயாளிக்குக் காய்ச்சல், காரணம் பிடிபடவில்லை. பிறகு முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தால், மணிக்கணக்கில் குனிந்த கழுத்தோடு நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் கையைக் கொண்டுபோக முடியாது. வெளியே வந்தால், எழுந்து நிற்கும் உறவினர்களிடம், நினைத்ததைவிடக் கட்டி பரவியிருக்கிறது என்று மழுப்பாமல் சொல்ல வேண்டும். இரவில் மறுநாள் நோயாளியின் ஸ்கேன் படங்கள்.

தாளின் அடியில், யாரும் கேட்காமலே, இப்படி எழுதியிருந்தாள்: ‘இந்த நாள் எனக்குப் பிடித்திருக்கிறது. உறவினர்களிடம் பேச வேண்டிய இடம்தான் பயமாக இருக்கிறது.’

எனக்கு அந்த இரண்டு வரிகள் மிகவும் பிடித்துப்போயின. கடினமான நாளைக் கண்ணால் பார்த்த பிறகும் வேண்டும் என்று சொல்லும் ஆசை நீடித்து நிற்கும். பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், மருத்துவம் படிக்கும் முன்பே பழக வேண்டியது என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிலருக்கு இது மறுபக்கமாகவும் முடியும். நாவலாசிரியராகும் கனவோடு எழுத உட்கார்ந்து, மூடிய அறையில் தனியே ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டும் காலைப்பொழுது தனக்கு ஒவ்வாது என்று கண்டுகொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளியீட்டு விழா மட்டும். அதை இப்போதே தெரிந்துகொள்வது பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும். அவர்கள் மனமுவந்து வாழக்கூடிய வேறொரு செவ்வாய் கட்டாயம் இருக்கும். தேட வேண்டியது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாண்டு கழித்து இருக்கப்போகும் நாம், இன்றைய நமக்கு ஏறக்குறைய அந்நியர். ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வருகிறார். எதிர்காலத் தன்னை நினைக்கும்போது பலருடைய மூளை இயங்கும் விதம், வேறொருவரை நினைக்கும்போது இயங்கும் விதத்தை ஒத்திருப்பதை அவருடைய குழு கண்டது. 2011-இல் வெளியான ஆய்வொன்றில், கணினி முதுமையாக்கிக் காட்டிய தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள், அன்றைய முகத்தையே பார்த்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பணத்தை ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்க முன்வந்தார்கள். முகம் தெரிந்த ஆளுக்கு நாம் துரோகம் செய்யத் தயங்குகிறோம். எனவே உங்கள் செவ்வாயில் வரும் ஆளுக்கு நரையைக் கொடுங்கள், மூக்குக் கண்ணாடியைக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் முதுகு எங்கே பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். அவர் யாரோ என்று தள்ளிவிட முடியாதபடி எழுதுங்கள்.

வேண்டாத செவ்வாயையும் எழுத வேண்டும். நாளை நாம் யாராக ஆகக்கூடும் என்று மனதில் வரையும் உருவங்களைப் பற்றி ஹேசல் மார்கஸ், பவுலா நூரியஸ் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் எழுதியபோதே, நாம் ஆக விரும்பும் ஆளோடு, ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் ஆளையும் சேர்த்தே பேசினார்கள். இன்று போலவே எல்லாம் போனால் வரக்கூடிய நாள் அது. அரைப் பக்கம் போதும். அதிலேயே ஊறிக்கிடக்க வேண்டாம்.

அடுத்து, தடை. உங்களுக்கும் அந்த ஆளுக்கும் நடுவே நிற்பது எது? நேரமில்லை, பணமில்லை என்பவை உண்மையாகவே இருக்கலாம். அவற்றை நான் லேசாகப் பேச மாட்டேன். ஆனால் உங்களுக்குள்ளேயே இருக்கும் தடை ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். பிடித்ததும் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டிய வழியில், ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று ஒரே வாக்கியமாக எழுதுங்கள். ‘இரவுச் சாப்பாடு முடிந்து தொலைபேசியில் கை போனால், அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறப்பேன்.’ பார்க்க மிகச் சாதாரணம். ஆனால் இம்முறையைச் சோதித்த 94 சோதனைகளை 2006-இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் தொகுத்துப் பார்த்தபோது, கணிசமான பலன் இருப்பது உறுதியானது.

எழுதிய தாளைச் சாசனமாக்கிவிடாதீர்கள். 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா வயதினரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: கடந்த பத்தாண்டில் நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவு மாற மாட்டேன் என்று. இருபது வயதுக்காரரும் அப்படியே நம்பினார், ஐம்பது வயதுக்காரரும் அப்படியே நம்பினார். நீங்களும் மாறுவீர்கள். ஆகவே தாளில் தேதி போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படித்து, ஒவ்வாத வரிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். இலக்கு மாறினால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் சோர்வில் மாற்றுகிறீர்களா, தெளிவில் மாற்றுகிறீர்களா என்பதை உங்களால் மட்டுமே சொல்ல முடியும். சோர்ந்திருக்கும் நாளில் அந்தத் தாளைத் தொடாதீர்கள்.

உங்கள் இருக்கைகளில் வெள்ளைத் தாள்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. இருபது நிமிடம் தருகிறேன். எழுந்த நேரத்திலிருந்து தொடங்குங்கள். எழுதி முடித்ததும் கேள்விகளுக்கு வருவோம்.