கதை கேட்டால்தான் வரும்

(கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், புதிதாக எழுத வந்தவர்களிடையே பேசியது)

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி, "உள்ளே ஏதாவது தூண்டினால்தான் சார் எழுத வருது" என்றார். கடைசியாக எப்போது தூண்டியது என்று கேட்டேன். போன தீபாவளிக்கு என்றார். அதுவும் ஒரு பத்திரிகை தீபாவளி மலருக்குக் கதை கேட்டதாம்! தூண்டியது எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் பலரை எழுத வைத்ததே இப்படிக் கேட்டு வாங்கியவர்கள்தான். 1950இல் இதே கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழ் 'கதை வகுப்பு' தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம் வரும். வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்ப வேண்டும். காலத்தை யோசித்துப் பாருங்கள். ஜப்பான்காரன் போய் ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க 1948இல் ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வேறு நடந்துகொண்டிருந்தது. மனம் ஒருநிலைப்பட ஏற்ற காலமா அது? ஆனாலும் தபாலில் கதைகள் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவர்களில் சிலர் பிறகு பெயர் சொல்லும் எழுத்தாளர்கள் ஆனார்கள்.

"அப்படியானால் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?" என்பீர்கள். உண்டு. நாவலாசிரியர் ப. சிங்காரம் 18 வயதில் தமிழ்நாட்டுச் சிங்கம்புணரியிலிருந்து இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்கு வந்தவர். போர்க்காலம் முழுக்க இந்தப் பக்கத்துச் சீமையில் இருந்துவிட்டு 1946இல் ஊர் திரும்பினார். மதுரையில் தினத்தந்தியில் வேலை. மேடானும் பினாங்கும் வரும் அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நாவல் அச்சானது 1972இல்! கப்பலேறிய அன்றைக்கு இருந்த சூடு அத்தனை வருடம் தாங்குமா? பத்திரிகை வேலைக்கு நடுவே, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பினாங்குத் தெருவைத் தாளில் திரும்ப எழுப்பியிருக்கிறார். எனக்கு அந்த உழைப்புதான் பெரிதாகப் படுகிறது.

என் வழக்கத்தைச் சொன்னால், முதல் இரண்டு பத்தி குப்பைதான். மூன்றாவதில்தான் ஆள் பேச ஆரம்பிப்பான். அப்புறம் மேலே உள்ளதை அடித்துவிடுவேன். குப்பை எழுதக் கூச்சப்படுகிறவர் அந்த மூன்றாவது பத்திக்கு வந்து சேருவதே இல்லை.

சரி, நானும் கேட்டுவிடுகிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் இரண்டு பக்கம். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் நின்றுவிட்டது, பக்கத்தில் இருப்பவர் உங்கள் பழைய எஸ்டேட்டில் கூட இருந்தவர். தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.