ஒரு தோட்டா வெளியே விழுந்துவிட்டது. துப்பாக்கி காலியா?

வணக்கம். மேஜைமேல் இருப்பது வின்செஸ்டர் 94, லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். உள்ளே 6 டம்மி தோட்டா போட்டிருக்கிறேன், எதிலும் மருந்து கிடையாது. முதல் தோட்டா அறையில், அதாவது சுடுவதற்குத் தோட்டா உட்காரும் குழலின் பின்முனையில், இருக்கிறது. இப்போது லீவரைக் கீழே தள்ளி மேலே மூடுகிறேன். டக்! ஒன்று துணிமேல் விழுந்தது.

காலி என்கிறீர்களா? இந்த ரைஃபிள் இதைவிட ஆபத்தாக இருக்கவே முடியாது. அதே லீவர் அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றி, பின்னாலிருக்கும் சுத்தியலையும் இழுத்து நிறுத்திவிட்டது. காலி செய்வதும் ஏற்றுவதும் ஒரே கைப்பிடிதான்.

வரலாறு ஒரு வரியில்: ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வந்தது, 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது, அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் செல்லம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் குழலுக்கு அடியில் ஓடும் இந்தக் குழாய். ரேஷன் கடை வரிசை மாதிரி தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, ஸ்பிரிங் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒன்று நகர்ந்தால் அடுத்தது தயார். கிட்டே பாருங்கள்: ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டுகிறது; குத்தினால் தீப்பற்றி மருந்தை வெடிக்க வைக்கும் சிறு மூடிதான் பிரைமர். அந்த மூக்கு கூராக இருந்தால் என்ன ஆகும்? சுடும்போது வரும் உதையில் அதுவே ஊசியாகக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் இந்த ரைஃபிளுக்குப் பெயர்பெற்ற தர்ட்டி-தர்ட்டி (.30-30) வகைத் தோட்டாவுக்குத் தட்டை மூக்கு. இதே பிரௌனிங் 1895 மாடலில் குழாயை விட்டுவிட்டுப் பெட்டி வைத்தார், அதில் கூர்மூக்குத் தோட்டா போடலாம். முதல் உலகப் போரில் ரஷ்யா சுமார் 3 லட்சம் வாங்கியது அந்த மாடலைத்தான். என்ன அழகான தீர்வு!

சரி, காலி செய்வோம். குழல்வாய் ஆள் இல்லாத பக்கம். ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே, நேராக. லீவரைப் பிடித்த கை விசையை ஒட்டியே இருப்பதால், விரல் தானாக உள்ளே போகப் பார்க்கும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லீவரை முழுசாகத் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் தோட்டா வெளியே வராமல் அறைக்கே திரும்பிப் போகலாம்.

ஹென்றி என்ற வேறு நிறுவனத்தின் லீவர் ரைஃபிள்கள் பலவற்றில் உள்குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிவிடலாம். ஆனால் கை குழல்வாய்ப் பக்கம் போகும், அறையில் ஒன்று மிச்சமும் இருக்கலாம். முதலில் அறையைப் பாருங்கள்.

எத்தனை முறை லீவர் அடித்தேன் என்று எண்ணாதீர்கள், துணிமேல் கிடப்பதை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு... ஐந்து. போட்டது 6. கடைசி முறை பாதிதான் தள்ளியிருக்கிறேன். இதோ முழுசாக. டக்! ஆறு.

லீவரைத் திறந்தே வைத்து அறையைக் கண்ணால் பார்க்கிறேன், சுண்டுவிரலை விட்டும் தடவுகிறேன். வலப்பக்கம் தோட்டா நுழைக்கும் சிறு கதவை அழுத்தி உள்ளேயும் பார்க்கிறேன். பித்தளை எதுவும் தெரியவில்லை. இப்போது காலி.